வீரம்மாளுக்கு ஒரு படம்

அட, மொதல்ல அந்த பிரஷ் பொட்டிய கீழ வைங்க மாஸ்டர். முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிப்புட்டு எந்திரிச்சா எப்புடி? ஒங்க நாடகக் கம்பெனி நாளைக்குக் காலையில ரயில் ஏறுது, தெரியும். கும்பகோணத்துல கொட்டாய் போட்டாச்சு, ஒங்க சீன் திரையெல்லாம் சுருட்டிக் கட்டியாச்சு, அதுவும் தெரியும். அதனாலதான இன்னிக்கே கூப்புட்டு விட்டேன். உக்காருங்க. அது வேண்டாம், அந்த முக்காலி ஆடும். இதுல உக்காருங்க. காப்பி சொல்லியிருக்கேன், வந்துரும்.

நான் என்ன கேட்டுட்டேன் ஒங்கள? ஒரு பொம்பள மொகம். மார்பளவு. அவ்வளவுதான? போட்டோ குடுங்க, பாத்து வரையிறேன்னீங்க. போட்டோ இல்லன்னேன். சரி, ஆளக் காட்டுங்கன்னீங்க. ஆளும் இல்ல, போய்ச் சேந்து ஏழு வருசம் ஆச்சுன்னேன். ஒடனே பொட்டியத் தூக்கிட்டீங்க.

என் சம்சாரந்தான் மாஸ்டர். பேரு வீரம்மாள். இதுல மறைக்க என்ன இருக்கு?

நேத்து முந்தாநேத்து நாடகத்துக்கு நான் எதுக்கு வந்தேன்னு நெனைக்கிறீங்க? பாட்டுக் கேக்கவா? ஒங்க திரையப் பாக்க வந்தேன். மொத வரிசையில உக்காந்து பாத்தேன். அந்தக் காட்டுச் சீன்ல கிட்ட இருக்கற மரம் பெருசு, தள்ளி இருக்கற மரம் சிறுசு, அதுக்கும் பின்னால வர வர மங்கலாப் போயி ஒரு பாதை மட்டும் வளைஞ்சு போவுது. மேடை என்னமோ பத்தடிதான். பாக்கறவனுக்கு ஆறு மைல் நடக்கணும் போல இருக்கு. பக்கத்துல உக்காந்திருந்த ஆளுகிட்டச் சொன்னேன், இவரு இல்லாத தூரத்தை இருக்கற மாதிரி காட்டுறாருய்யா, இவருதான் நமக்கு ஆளுன்னு. இல்லாத ஆறு மைல வரையத் தெரிஞ்சவருக்கு இல்லாத ஒரு பொம்பளைய வரையத் தெரியாதா?

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. சிரிச்சா பாதி பேரம் முடிஞ்சாப்புல.

நம்மளப் பத்தி ஒங்ககிட்ட யாராச்சும் சொல்லியிருப்பாங்களே. சொல்லலியா? இந்த மலைக்கோட்டை அடியில எந்தச் சந்துல போயி வேணாக் கேளுங்க, படக்கடை மருதைன்னா கை காட்டுவாங்க. சண்டைக்கார மருதைன்னாலும் இதே கடையத்தான் காட்டுவாங்க, அது வேற விஷயம். பள்ளிக்கூடத்து வாசல்ல நெழலுக்கு நின்னதோட சரி, உள்ள போனதில்ல. பன்னெண்டு வயசுல சாமி படத்தைக் கூடையில வச்சுத் தலையில தூக்கிக்கிட்டுச் சந்தை சந்தையாப் போனவன். எல்லாம் அடிபட்டுக் கத்துக்கிட்டதுதான். ஒருத்தன் ஒரு வெலை சொன்னா அது பொய்யி, நாம ஒண்ணு சொல்லணும், அதுவும் பொய்யி, ரெண்டு பொய்யுக்கும் நடுவுல சரக்கு கை மாறும். அம்புட்டுதான் என் படிப்பு.

இப்பப் பாருங்க செவுரு பூரா. லெச்சுமி, சரஸ்வதி, முருகன், ரெங்கநாதர், உச்சிப் பிள்ளையாரு. பம்பாயிலேர்ந்து அச்சுப் படம் கட்டுக் கட்டா வருது. நான் கண்ணாடி வெட்டிச் சட்டம் அடிச்சுக் குடுக்கறேன். திருச்சினாப்பள்ளியில பாதி வீட்டுல மாட்டியிருக்கறது நம்ம கையிச் சட்டந்தான். என் வீட்டுல மட்டும் கூடத்துச் செவுத்துல ஒண்ணுமில்ல. வர்றவங்க கேக்கறாங்க, ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் படம் போடறியே, ஒம் பொண்டாட்டி படம் ஒண்ணு இல்லியான்னு. 

என்னா? ஏன் எடுக்கலயா?

பயம் மாஸ்டர். போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிரும்னு பயம். அவளுக்கு ஊரு ஜீயபுரம். ஆத்தங்கரை, வாழத் தோட்டம், நெல்லு வயலுன்னு வளந்தவ. அந்தப் பெட்டிக்குள்ள நம்ம மூச்சுல கொஞ்சம் போயிருதுன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. அதான் எடுக்கல. எழுதிக்கங்க, அதான் காரணம்.

செத்தப்பொறமாவது எடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? நாற்காலியில உக்கார வச்சு, மாலையப் போட்டு, பின்னால ஒருத்தர் தலையத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு. அந்தப் போட்டோவெல்லாம் சட்டத்துக்கு இங்கதான வருது. கண்ணு மூடியிருக்கும்ல, அது மேலயே மையி வச்சுக் கண்ணு தொறந்தாப்புல வரைஞ்சிருப்பாங்க. கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்கும். நானே எத்தனையோ அடிச்சுக் குடுத்திருக்கேன். ஆனா இவ போனது காலரா. காலையில வாந்தி எடுத்தா, வெளக்கு வைக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முனிசிபாலிட்டி ஆளுங்க வாசல்ல வந்து நின்னுக்கிட்டு எடு எடுங்கறாங்க. மொகத்தைத் தொறந்து பாக்கக் கூட விடல. சுண்ணாம்புத் தூளைக் கொட்டி, பாயோட சுருட்டி... விடுங்க.

புள்ள குட்டி? இல்ல. இருந்தா அதுங்க மொகத்துலயாவது பாத்திருக்கலாம்.

ஆங், காப்பி. எடுத்துக்கங்க. ஆறிரும். டேய்ன்னு கூப்புட்டா வர மாட்டான் அந்தக் கிளப்புக்கடை ஆளு, ரெண்டு வசவு விட்டாத்தான் வருவான்.

நீங்க மொத ஆளு இல்ல மாஸ்டர். நானும் சும்மா இருக்கல. ஒங்களுக்கு முந்தி ரத்தினவேல்னு ஒரு ஆர்ட்டிஸ்டு, இங்கியே பெரிய கடைவீதியில போர்டு எழுதறவன். அவன் சொன்னான், கூடப் பொறந்தவ இருந்தாக் கூட்டியாங்க, ஜாடை புடிச்சுரலாம்னு. வீரம்மாளுக்குத் தங்கச்சி இருக்கா, பொன்னுத்தாய்னு. ஜீயபுரத்துலேர்ந்து வண்டி வச்சு அழைச்சாந்தேன். அவளும் அக்காளுக்காகன்னு அழுதுக்கிட்டே வந்து உக்காந்தா. மூணு நாளு உக்காந்தா. படம் முடிஞ்சுது. யாரு மாதிரி இருந்துதுங்கறீங்க? பொன்னுத்தாய் மாதிரிதான் இருந்துது. அவ புருசன் பாத்துட்டு, அட, நல்லாருக்கே, நான் எடுத்துக்கறேன்னு தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப அவுங்க வீட்டுல தொங்குது.

ரத்தினவேலைப் புடிச்சு உலுக்கினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அண்ணே, எனக்குப் படம் போடத் தெரியும், நீங்க மனசுல பாக்கறதப் பாக்கத் தெரியாது. யாராச்சும் படிச்சவங்ககிட்டச் சொல்லி எழுத்துல வாங்கிட்டு வாங்க, எழுத்தைப் பாத்து வரையிறேன்னான்.

நியாயந்தானேன்னு பட்டுச்சு. எனக்கு வார்த்தைன்னா வெலை பேசத்தான் வரும். வேற எதுக்கும் வராது. அதனால சீரங்கத்துல வேதாந்தம்னு ஒரு தமிழ்ப் பண்டிதரு, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, அவருகிட்டப் போனேன். நம்ம கடைக்குத்தான் பெருமாள் படத்துக்குக் கண்ணாடி மாத்த வருவாரு. நல்ல மனுசன். என்னை ஓய் மருதைன்னுதான் கூப்புடுவாரு. விஷயத்தைச் சொன்னதும் ரொம்ப உருகிப்போயி, அதுக்கென்னங்காணும், ரெண்டு நாள் பொறுத்து வாரும்னாரு. போனேன். எட்டு வரி எழுதி வச்சிருந்தாரு. ராகம் போட்டுப் படிச்சாரு. கேக்க என்னமோ நல்லாத்தான் இருந்துது. அர்த்தம் சொல்லுங்க சாமின்னேன். நெத்தி பிறை, கண்ணு கெண்டை மீனு, பல்லு முல்லை அரும்பு, கழுத்து சங்கு, தோளு மூங்கிலுங்கறாரு.

எனக்குக் கோவம் வந்துருச்சு. மூங்கிலா? சாமி, எம் பொண்டாட்டி தண்ணிக் கொடம் தூக்கித் தூக்கி எடது தோளு ஒரு விரக்கடை எறங்கியிருக்கும், இது எந்த ஊரு மூங்கிலுன்னேன். இந்தப் பாட்டை எடுத்துக்கிட்டுப் போயி எந்த வீட்டுப் பொண்ணுக்கு வேணாப் பாடலாம், ராஜா வீட்டுப் பொண்ணுக்கும் சரியா இருக்கும், நம்ம மீன்காரிக்கும் சரியா இருக்கும், நான் கேட்டது ஒருத்திக்கு, நீங்க ஊருக்கே தச்சுக் குடுக்கறீங்களேன்னு சத்தம் போட்டுட்டேன். பாவம், அவரு வீட்டம்மா உள்ளேர்ந்து எட்டிப் பாக்கறாங்க. அவரு கோவிக்கல. நிதானமாக் கேட்டாரு. சரி ஓய், மீன் இல்லைன்னா அந்தக் கண்ணு எப்படித்தான் இருந்துது, நீர் சொல்லும், அப்படியே எழுதறேன்னாரு.

எனக்குக் கோவம் இன்னும் ஜாஸ்தியாயிருச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாளு அவரே தேடி வந்துட்டாரு மாஸ்டர். வாரும் ஒண்ணு காட்டறேன்னு கோயிலுக்குள்ள அழைச்சுக்கிட்டுப் போனாரு. ஒரு மண்டபம், செவுத்துல பழைய சித்திரம். எந்தக் காலத்து ராசா போட்டதோ, புகையேறி, அங்கங்க காரை உதுந்து போயிருக்கு. வரிசையா எட்டுப் பொண்ணுங்க, கையில பூவு, கிண்ணம், விசிறின்னு ஆளுக்கு ஒண்ணு. நல்லாப் பாரும்னாரு. பாத்தேன். எட்டுக்கும் ஒரே மூக்கு, ஒரே கண்ணு, ஒரே மொவாக்கட்டை. சேலை கலருதான் வேற, கை வச்சிருக்கற தினுசுதான் வேற. ஏன் சாமி, வரைஞ்சவனுக்கு ஒரு மூஞ்சிதான் தெரியுமான்னேன். அவரு சொன்னாரு, இல்லைங்காணும், அவன் வரைஞ்சது ஒரு பொண்ணை இல்லை, பொண்ணுன்னா எப்படி இருக்கணும்னு மனசுல இருக்கறதை. என் பாட்டும் அந்த ஜாதிதான். அந்தக் காலத்துல ஒருத்தியோட மொகத்தை இன்னார் மொகம்னு அடையாளம் காட்டணும்னு எவனும் கேக்கலை, நீர்தான் கேக்கறீர்னாரு.

எனக்கு அது புரிஞ்சுது. புரிஞ்சதாலதான் வருத்தம். அந்த எட்டுப் பேருலயும் ஏதோ ஒருத்திக்குப் புருசன் இருந்திருப்பான்ல? அவன் வந்து பாத்தா எதைன்னு பாப்பான்?

இருங்க மாஸ்டர், யாவாரம் வந்திருக்கு. வாங்க, என்னா வேணும் ஒங்களுக்கு? முருகனா? பெருசா சிறுசா? அது வெலை அதான். கொறையாது. கொறையாதுன்னா கொறையாதுங்க. அந்தப் பக்கம் ஒருத்தன் கொறைச்சுக் குடுப்பான், கண்ணாடியில கொப்புளம் இருக்கும், முருகனுக்கு அம்மை போட்டாப்புல தெரியும், பரவால்லன்னா அங்க போங்க. போயிட்டு வாங்க. நீங்க உக்காருங்க மாஸ்டர், அவரு திரும்பி வருவாரு, இந்தச் சந்தைத் தாண்ட மாட்டாரு.

எங்க விட்டேன்? கோயில் சித்திரம். அது ஆச்சு. அடுத்தது சினிமா.

இப்பத்தான் பேசற படம் வந்துருச்சு. நான் சொல்றது ஊமைப் படத்துக் கதை. அவ போயி ஒரு வருசம் இருக்கும். ஆத்தோரம் பொட்டல்ல டெண்டு போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. தெரைக்குப் பக்கத்துல ஒரு ஆளு நின்னுக்கிட்டு, இப்பொழுது மகாராணியார் வருகிறார், இப்பொழுது மயங்கி விழுகிறார்னு தொண்டை கிழியக் கதை சொல்லுவான். ஏதோ புராணப் படம். எனக்கு அந்த ராணி மேலயெல்லாம் கவனம் இல்ல. ஒரு எடத்துல அரமணைத் தோட்டத்துல பணிப்பொண்ணுங்க நாலஞ்சு பேரு கொடத்தோட போறாளுங்க. கடைசியாப் போறவளை யாரோ கூப்புடறாங்க. அவ நின்னு, இந்தப் பக்கமாத் திரும்பிப் பாக்கறா.

வீரம்மாள் மாஸ்டர்.

சத்தியமா அவளேதான். நான் எந்திரிச்சு நின்னுட்டேன். இப்புடி ஒரு சொடக்குப் போடற நேரம். திரும்பறா, அதுக்குள்ள ராணியக் காட்டிட்டான். கதை சொல்றவன், பேரழகி இளவரசியைப் பாருங்கள்னு கத்தறான். வாய மூடுடான்னு நான் கத்தறேன். பின்னாலேர்ந்து நாலு பேரு என்னை உக்காருய்யாங்கறாங்க. ஒன்பது நாளு அந்தப் படம் ஓடுச்சு, ஒன்பது நாளும் போனேன். கடையச் சாத்திட்டு மொத ஆட்டத்துக்குப் போயி உக்காந்துக்குவேன். அவ திரும்பின ஒடனே எந்திரிச்சு வந்துருவேன். அதுக்கு மேல கதை என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

அந்த டெண்டுல மிஷின் சுத்தறவரு ஜெகபர் சாதிக்னு ஒரு பாய். கையால சுத்தற மிஷின். அவரு கையப் புடிச்சுக் கெஞ்சினேன். நான் கெஞ்சினேன் மாஸ்டர், இந்த ஊருல யாரும் நம்ப மாட்டாங்க. பாய், அந்த எடம் வரும்போது சுத்தறத நிறுத்துங்க, நான் நல்லாப் பாத்துக்கறேன், கூட ஒரு ஆர்ட்டிஸ்டைக் கூட்டியாரேன், அவன் பாத்து வரைஞ்சுக்குவான்னேன். அவரு சொன்னாரு, மருதை அண்ணே, இதுல ஓடறது ஒண்ணுமே இல்ல. ஒண்ணு ஒண்ணும் சும்மா நிக்கிற படந்தான். நான் சட்டுச் சட்டுன்னு மாத்திக் காட்டறேன், ஓட்டிப் பாக்கறது ஒங்க கண்ணு. நிறுத்தினா ஆபத்துண்ணே, வெளக்குச் சூடு தாங்காது, பிலிம் பத்திக்கும்னாரு. ஒரு நிமிஷம் பாய், ஒரே நிமிஷம்னு நான் விடல. அந்தப் பேரத்துலயும் நாந்தான் ஜெயிச்சேன்.

கடைசி நாளு பகல்ல, ஜனம் வர்றதுக்கு முந்தி, டெண்டுப் படுதாவெல்லாம் எறக்கி விட்டுட்டு எங்களுக்கு மட்டும் போட்டாரு. நானும் ரத்தினவேலும். அவ திரும்பினா. பாய் கைய நிறுத்திட்டாரு. நின்னா மாஸ்டர். தெரை பூராவும் அவ மொகம். நான் வீரம்மான்னு கூப்புட்டேன்னு ரத்தினவேல் அப்பறம் சொன்னான், எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு மூச்சு விட்டு ஒரு மூச்சு வாங்கற நேரம். கன்னத்துல பழுப்பா ஒரு புள்ளி விழுந்துது. அது கொதிக்கிற பாலாட்டம் குமுளி விட்டுச்சு. கன்னம் போச்சு, மூக்கு போச்சு, தெரையில வெறும் வெள்ளை வெளிச்சம். ஒரு நாத்தம் பாருங்க, கற்பூரமும் பிசினும் கருகினாப்புல. பாய் பாஞ்சு அமுக்கி அணைச்சாரு, கையி வெந்துபோச்சு அவருக்கு. டெண்டுக்காரன் வந்து ஆடித் தீத்துட்டான். நானும் பதிலுக்கு ஆடினேன். ஆடி என்ன?

பாய் நல்லவரு. வெந்த கையில எண்ணெயப் போட்டுக்கிட்டே, எரிஞ்சதுக்கு முந்தியும் பிந்தியும் இருந்த துண்டை வெட்டி என் கையில குடுத்தாரு. கடைக்கு வந்து, பூதக்கண்ணாடி வச்சு வெளிச்சத்துல பாத்தேன். யாரோ ஒரு சட்டைக்காரப் பொண்ணு, ஆங்கிலோ இந்தியக்காரி. மாவு பூசி, புருவம் எழுதி, பல்லைக் காட்டிச் சிரிக்கிறா. வீரம்மாளுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பின்ன நான் ஒன்பது நாளாப் பாத்தது எதைன்னு பாயிகிட்டக் கேட்டேன். ஓடும்போது இருந்தா, நிறுத்தினா இல்லண்ணே, அவ்வளவுதான் சொல்ல முடியும்னாரு.

என்னா, பென்சிலை எடுத்துட்டீங்க? வரையப் போறீங்களா? மாஸ்டர், ஒங்க வாயிக்குச் சக்கரை போடணும். சொல்றேன், கேளுங்க, நீங்க கேக்கக் கேக்கச் சொல்றேன்.

மொகம் உருண்டைதான். உருண்டைன்னா ரொம்ப உருண்டை இல்ல. கொஞ்சம் நீளம். ஆமா, அப்புடித்தான் வைங்க. நெத்தி... நெத்தி சின்னது. நல்ல வில்லு மாதிரி புருவம். கண்ணு பெருசு. நீளமா, இந்தக் காது வரைக்கும் போறாப்புல. மூக்கு நேரா எறங்கும். மூக்குத்தி எந்தப் பக்கமா? வலது... ஆமா வலதுதான் இருக்கணும். ஒதடு சின்னது. செவப்பா. கன்னம் நல்லா வழுவழுன்னு, மொவாயிக்குக் கீழ லேசா ஒரு மடிப்பு. சிரிப்பா? சிரிச்சும் சிரிக்காத மாதிரி. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்துன்னா என்ன சொல்றது... எல்லாப் பக்கமும் சமமா.

முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? என்ன கையி ஒங்களுக்கு! காட்டுங்க.

...

ம்.

இல்ல, நல்லாருக்கு. நல்லாத்தான் இருக்கு. என்னைப் பாக்காதீங்க. அந்தச் செவுத்தைப் பாருங்க. ரெண்டாவது வரிசை, மூணாவது படம். பாத்தீங்களா? பம்பாயி லெச்சுமி. தாமரைப் பூவை மட்டும் விட்டுட்டீங்க, மத்தபடி அச்சு அசலா அவதான்.

நீங்க ஒரு தப்பும் செய்யல மாஸ்டர். நான் சொன்னதைத்தான் வரைஞ்சீங்க.

முப்பது வருசமா இந்த ஒரு மூஞ்சியத் தொடைச்சுத் தொடைச்சு மாட்டறேன். தெனம் காலையில கடையத் தொறந்தா மொதல்ல இவதான். கண்ணை மூடி வீரம்மான்னு நெனைச்சா, இந்த லெச்சுமிதான் வந்து நிக்கிறா, வீரம்மா சேலையக் கட்டிக்கிட்டு. எப்பலேர்ந்துன்னு தெரியல. பண்டிதரு அந்தக் கண்ணு எப்படி இருந்துதுன்னு கேட்டாரே, அன்னிக்கே எனக்குத் தெரியல. அதான் கோவம். யார் மேல வந்த கோவம்னு நெனைச்சீங்க? பதினாறு வருசம் ஒரே வீட்டுல குடும்பம் நடத்தினவ.

போட்டோவுக்குப் பயம்னு சொன்னேன்ல. பொய்யி. அவளுக்கு ஒரு பயமும் இல்ல. அவளுக்குத்தான் ஆசை.

அவ போன வருசத்துக்கு முந்தின மார்கழி. சீரங்கத்துல ஏகாதசிக் கூட்டம். நான் கூடையில படம் கொண்டுபோயி வித்து முடிச்சுட்டேன், அவளும் ஒத்தாசைக்கு வந்திருந்தா. வெள்ளைப் படுதா கட்டி ஒரு போட்டோக்காரன். பின்னால ஒரு திரை, அரமணைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் எழுதினது. முன்னால ஒரு நாற்காலி. ஒண்ணு எடுத்துக்குவமான்னா. என்னைக் கல்யாணம் கட்டி வந்து அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். சரின்னேன். போயி உக்காந்தா. ரெண்டு கையையும் மொழங்கால் மேல வச்சுக்கிட்டு, நெஞ்சை நிமித்தி. போட்டோக்காரன், அசையாம இருங்கம்மான்னான். கறுப்புத் துணிய எடுத்தான். அப்பத்தான் வெலையக் கேட்டேன். ஒண்ணரை ரூபான்னான்.

நான் கண்ணாடி வியாபாரி மாஸ்டர். அவன் பெட்டிக்குள்ள போடறதும் கண்ணாடித் தட்டுதான. அந்த அளவுல ஒரு துண்டு நான் கழிவுல தூக்கிப் போடறேன். அதுக்கு ஒண்ணரை ரூபாயா? முக்கா ரூபான்னேன். மருந்து பூசின தட்டுங்கறான். யாருகிட்டடா கதை விடறன்னேன். அவன் பேச, நான் பேச, கூட்டம் கூடிருச்சு. அரை மணி நேரம். அவ அசையல. அசையாதீங்கன்னு சொல்லிட்டான்ல, நாங்க சண்டை போட்டு முடிக்கிற வரைக்கும் அப்புடியே உக்காந்திருக்கா. கடைசியில அவன் துணிய மடிச்சு வச்சுட்டு, ஒங்கிட்ட ஓசியில குடுத்தாலும் எடுக்க மாட்டேன்னுட்டான். நான் அவ கையப் புடிச்சு எழுப்பினேன். எந்திரிடி, அடுத்த வருசம் இவனே பாதி வெலைக்கு வருவான்னு.

அந்தப் போட்டோக்காரன வரையச் சொல்லுங்க, இந்த நிமிஷமே சொல்றேன். இடது கன்னத்துல அம்மைத் தழும்பு மூணு, நடுவுல இருக்கறது ஆழம். மேல் வரிசையில ஒரு பல்லு இல்ல. வலது புருவத்துல ஒரு வெட்டு, அங்க மயிர் முளைக்கல. பேசும்போது எடது கண்ணு சுருங்கும். அரை மணி நேரம் அவன் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். அவ எனக்குப் பின்னால இருந்தா. ஒரு தரம் திரும்பிப் பாத்திருக்கலாம்.

இருங்க மாஸ்டர், போயிராதீங்க. அந்தத் தாளைத் திருப்பிப் போடுங்க. பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு? மொகம் வேண்டாம் எனக்கு. முதுகு வரைஞ்சு குடுங்க. வெளையாடல, நெசமாத்தான் சொல்றேன். அன்னிக்கு சீரங்கத்துலேர்ந்து காவேரிப் பாலம் தாண்டி வீடு வரைக்கும் அவ முன்னால நடந்தா, நான் பின்னால அவனத் திட்டிக்கிட்டே வந்தேன். அவ்வளவு தூரமும் அவ ஒரு வார்த்தை பேசல, திரும்பல. அது எனக்கு நல்லாத் தெரியும், அதுல ஒரு சந்தேகமும் இல்ல. கொண்டை இறுக்கிப் போட்டிருந்தா, கனகாம்பரம். எடது தோளு எறக்கம். கழுத்துல கொண்டைக்குக் கீழ சின்னதா ரெண்டு முடி பிரிஞ்சு வேர்வையில ஒட்டியிருந்துது. அரக்குச் சேலை. முந்தானை முதுகுப் பக்கம் தொங்குது, அது ஓரத்துல நீல மையில மில்லுக்காரன் முத்திரை, அதை விட்டுறாதீங்க. எழுத்து என்னன்னு எனக்குப் படிக்கத் தெரியாது, சும்மா நீலமா வச்சுருங்க. ஒரு தண்ணி கூட நனைக்கல மாஸ்டர், போட்டோவுக்குன்னு எடுத்துக் கட்டிக்கிட்டு வந்த புதுச் சேலை.